சிவப்புப் பொட்டு வைத்த வயர்

அத்தியாயம் பதினான்கு

"அவன் இந்தப் படலையத் தாண்டப்படாது" என்று வேலி வாசலைக் காட்டி அன்னப்பூரணி சொல்லி ஒரு வருடம் ஆகப்போகிறது. அன்றிலிருந்து தன்னாமுனை வீட்டில் மகன் ரதீஸின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மனதுக்குள் சொல்லாதவரும் யாருமில்லை.

அண்ணன் அழகரத்தினத்தின் மகளையே மருமகளாக எடுப்பதாக அன்னப்பூரணி வாக்குக் கொடுத்திருந்தாள். ரதீஸோ தன்னோடு வேலை செய்த சுலோஜனாவைக் கொழும்பில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, பிறகுதான் வீட்டுக்குச் சொன்னான். அழகரத்தினம் தங்கையோடு போக்குவரவை நிறுத்திவிட்டார். ரதீஸ் மனைவியின் ஊரான பெரியகல்லாற்றில், மனைவியின் வீட்டில் குடியிருக்கிறான்.

அவனுடைய அக்கா நிருஷாவுக்கு இந்த வாரம் இன்னொரு தலையிடி. மட்டக்களப்பு வாவியில் நீர் ஏறினால் எந்த ஊர் எவ்வளவு தாழும் என்று காட்டும் வரைபடத்தை, பெற்றோர் தனக்குச் சீதனமாக எழுதிய அந்த வீட்டில் இருந்தபடியே ஒரு கொழும்பு நிறுவனத்துக்காக அவள் செய்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அதை அதிகாரிகளுக்கு இணையவழியில் காட்ட வேண்டும்.

"வீட்டிலிருந்து வேலை செய்யிறது சரிவரும் எண்டு இதில காட்டுங்க, நிருஷா" என்று மேலாளர் யோகேஸ்வரன் போன வாரம் சொல்லியிருந்தார். "இல்லாட்டி தை மாசம் கொழும்புக்கு வரத்தான் வேணும்."

கணவன் மதுரன் வாகரையில் ஆசிரியர். வாகரைக்கும் கொழும்புக்கும் நடுவில் ஒரு குடும்பத்தை எப்படி நடத்துவது?

அந்த வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

நிருஷா தலைக்கு முழுகி, ஈரக் கூந்தலைத் துவாயால் சுற்றிக்கொண்டு மேசையில் வந்து அமர்ந்தாள். மேசையில் இரண்டு பெரிய திரைகள். ஒன்றில் செய்மதிப் படம் வரும், மற்றதில் வரைபடம். மடிக்கணினியின் சொந்தத் திரை போன மாதம் கீழே விழுந்ததில் பாதி கறுத்துவிட்டது. மீதிப் பாதி கோடு கோடாகத் துடிக்கும். அதனால் மடிக்கணினியை மூடித் திரைகளுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அதிலிருந்து ஒரே ஒரு வயர் 'டொக்' என்கிற சின்னக் கறுப்புப் பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டிதான் திரைகள், மௌஸ், விசைப்பலகை எல்லாவற்றுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும்.

மின் ஆளியைப் போட்டாள். பெட்டியில் வெளிச்சம் வந்தது. மௌஸின் அடியில் சிவப்பு ஒளி மின்னியது. திரைகள் இரண்டும் 'சிக்னல் இல்லை' என்று ஒரு வரி காட்டிவிட்டுக் கறுத்துப் போயின.

அணைத்துப் போட்டாள். அதே வரி. திரைகளின் வயர்களைக் கழற்றி இடம் மாற்றிக் குத்தினாள். பெட்டிக்கு வரும் மின்சாரத்தைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுத்தாள். மடிக்கணினியைத் திறந்து, துடிக்கிற கோடுகளுக்கு இடையில் கண்ணைச் சுருக்கி வேறு திரைகளைத் தேடச் சொன்னாள். ஒன்றும் இல்லை என்றது அது.

கொழும்பு அலுவலகத்தின் கணினிப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தாள். டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். குருட்டுப் பார்வையில் தடவித் தடவி அதையும் செய்தாள். அரை மணி நேரம் சுழன்றுவிட்டு, எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது.

"என்ன புள்ள, உன்ட டீவி வேலை செய்யல்லையா?" என்று அம்மா வாசலில் வந்து நின்றாள். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போவதற்காக இளநீலச் சேலை உடுத்திருந்தாள்.

"டீவி இல்லம்மா. மொனிட்டர்."

"என்னவோ ஒண்டு. கரண்ட் காணாமக் கிடக்கும்."

அன்னப்பூரணி குசினிக்குப் போனாள். பிரிட்ஜ் முனகல் நின்றது. பிறகு கிணற்றடி மோட்டர் நின்றது. கடைசியில் முன் விறாந்தையில் அப்பா அருமைநாயகம் கேட்டுக்கொண்டிருந்த ரேடியோவும் பாதிச் செய்தியில் நின்றது.

"இப்ப பாருகா. எல்லாக் கரண்டும் உனக்குத்தான்."

அந்த நிலைமையிலும் நிருஷாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் கையைப் பிடித்து, "நீங்க கோயிலுக்குப் போங்கம்மா. எனக்கும் சேத்துக் கும்பிடுங்க" என்றாள்.

அம்மா கைப்பையை எடுக்க உள்ளே போன சமயம் பார்த்து, நிருஷா கிணற்றடிக்கு ஓடினாள். தம்பியின் இலக்கம் விரல் நுனியில் இருந்தது. அலுவலகங்களுக்குக் கணினி பூட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் ரதீஸின் வேலை.

"அக்கா, அம்மா எங்க?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி.

"கோயிலுக்கு வெளிக்கிட்டுட்டா. மத்தியானத்துக்குப் பிறகுதான் வருவா. நீ வந்து பாத்துட்டு உடனே போயிரு. ஏலுமா, தம்பி?"

"வாறன்."

பெரியகல்லாற்றிலிருந்து தன்னாமுனைக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு மணித்தியாலம் பிடிக்கும்.

நிருஷா திரும்பி வந்தபோது அம்மா குசினியில், இளநீலச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா! கோயில்?"

"உன்ன இப்பிடி விட்டுட்டு எப்பிடிப் போற? மாமாங்கப் பிள்ளையார் எங்கயும் போக மாட்டார். அடுத்த வெள்ளி பாப்பம்."

நிருஷா மறுபடி கிணற்றடிக்குப் போய்த் தம்பிக்கு எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டுகிறவன் எப்படி எடுப்பான்?

அப்பா அருமைநாயகத்தையும் அன்று ஒரு நிலையில் காணவில்லை. விதைப்புக் காலத்தில் விடியமுன் வட்டைக்குப் போகிற மனிதர், அன்று வயல் பக்கமே தலைவைக்கவில்லை. விறாந்தைக்கும் நிருஷாவின் அறைக்குமாக நடந்தார். வாசலில் நின்று கறுத்த திரைகளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். தனக்காகத்தான் கவலைப்படுகிறார் என்று நிருஷா நினைத்துக்கொண்டாள்.

மோட்டார் சைக்கிள் சத்தம் வேலியோரமாக வந்து நின்றது.

அன்னப்பூரணி கீரைச் சுளகோடு எழுந்து வந்தாள். படலைக்கு வெளியே ரதீஸ் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மெலிந்திருந்தான். தாடி விட்டிருந்தான். அம்மாவைக் கண்டதும் ஓர் அடி பின்னால் போனான்.

நிருஷா முற்றத்துக்கு ஓடி வந்தாள்.

"நான்தான்மா கூப்பிட்ட" என்றாள். "இண்டைக்கு இது வேலை செய்யாட்டி எனக்குக் கொழும்புதான்."

அன்னப்பூரணி மகனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் இருந்த மின்கம்பத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"கொம்பியூட்டர் திருத்த வந்தவர வெயிலில வெச்சிக் கதைக்கிறதா?" என்றாள் கடைசியில். "உள்ளுக்கு வரச் சொல்லு. திருத்திப்போட்டுப் போகட்டும்."

ரதீஸ் படலையைத் திறந்து, தலையைக் குனிந்துகொண்டு வந்தான். விறாந்தையில் செருப்பைக் கழற்றிய இடம், பள்ளிக்கூடம் போன நாட்களில் அவன் கழற்றிய அதே மூலை. அன்னப்பூரணி அதைக் கவனித்ததை நிருஷா கவனித்தாள்.

அவன் மேசைக்கு அடியில் புகுந்தான். அம்மா அறை வாசலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மௌஸ் வேலை செய்யுதா அக்கா?"

"ஓம். விசைப்பலகையும் செய்யுது. லெப்டொப்பில சார்ஜும் ஏறுது. படம் மட்டும்தான் இல்ல."

ரதீஸ் தன் பையிலிருந்து ஒரு பழைய மடிக்கணினியை எடுத்தான். திரையொன்றின் வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கி அதில் குத்தினான். திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது. அதில் கடற்கரையில் சுலோஜனா சிரித்துக்கொண்டு நின்றாள்.

அவன் பதறிப்போய்த் திரையைக் கையால் மறைத்தான். அவ்வளவு பெரிய திரையை ஒரு கையால் மறைக்க முடியுமா? முகம் மறைந்தது, பச்சைச் சேலை முழுவதும் தெரிந்தது.

"நல்ல சேலை" என்றாள் நிருஷா.

அன்னப்பூரணி திரும்பிக் குசினிக்குப் போனாள். தேயிலை, சீனிப் போத்தல்கள் உரசும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது.

"நிருஷா, இத அவருக்குக் குடு. திருத்த வாறவங்களுக்குக் குடுக்கிறதுதானே."

ரதீஸ் ஒரு வாய் குடித்தான். சீனி குறைவு, இஞ்சி கூட. அவன் குடிக்கிற பதம். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதற்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு வேலைக்குத் திரும்பினான். "திரை ரெண்டும் நல்லம். பெட்டியும் நல்லம் போலதான். அப்ப இதுக்கு நடுவில போற வயர்தான் மிச்சம்."

மடிக்கணினிக்கும் பெட்டிக்கும் இடையிலான வயரைக் கழற்றி விரலுக்கிடையில் உருட்டினான். "அக்கா, இது மெல்லிசாக் கிடக்கே. பெட்டியோட வந்த வயர் தடிப்பமா இருக்கும்."

"நானும் பிடுங்கிக் குத்தினனே. முனை ரெண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கு?"

"முனைதான் ஒரே மாதிரி. இது போனுக்குச் சார்ஜ் ஏத்துற வயர். கரண்ட் போகும், மௌஸ் போகும். படத்துக்குரிய கம்பி இதுக்குள்ள இல்ல."

"அப்ப என்ட வயர் எங்க? கடையில வாங்க ஏலாதா?"

"டவுன்ல தேடிப் பாக்கலாம். ஆனா ரெண்டு மணிக்கிடையில கிடைக்குமெண்டு சொல்ல ஏலா. உன்ட வரைபடம் என்ட லெப்டொப்பில திறக்கவும் திறக்காது."

பேசிக்கொண்டே வயரின் முனையைத் திருப்பியவன் சட்டென்று நிறுத்தினான். கறுப்பு முனையில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. நகப்பூச்சு. அவனுடைய காது மடல் சிவந்தது. வயரைக் கைக்குள் பொத்திக்கொண்டான்.

ஆனால் அன்னப்பூரணியின் கண் கூர்மை. "அதென்ன சிவப்பு?"

அவள் ஓர் அடி உள்ளே வந்தாள்.

"இந்த வீட்டில ஆருகா நகத்துக்குச் சாயம் பூசுற?"

நிருஷா தன் வெறும் நகங்களைப் பார்த்தாள். அந்தப் பொட்டைக் காலையில் கண்டிருந்தாள். கடைக்காரன் வைத்த அடையாளமாக்கும் என்று விட்டுவிட்டாள். ரதீஸ் நிலத்தைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து வராது என்று நிருஷாவுக்குப் புரிந்தது. அவன் யாரையோ காப்பாற்றிக்கொண்டிருந்தான். மதியச் சோற்று நேரமும் கடந்துவிட்டது. அவளுக்குக் கண் கலங்கத் தொடங்கியது.

"என்ட" என்றது ஒரு குரல்.

அருமைநாயகம் அன்னப்பூரணிக்குப் பின்னால் நின்றார்.

"அது என்ட வயர். பெண்சாதிட நகப்பூச்சால பொட்டு வெச்சித் தந்தவன் அவன்தான். எனக்குக் கண் தெரியாதெண்டு."

"உங்களுக்கு என்னத்துக்கு வயர்?"

அவர் முற்றத்தில் நின்ற உழவு இயந்திரத்திடம் போனார். இருக்கைக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் பையோடு திரும்பினார். பைக்குள் ஒரு கைத்தொலைபேசி. அதோடு சுருண்டு கிடந்தது தடித்த கறுப்பு வயர்.

"ராத்திரி பிள்ளைட அறையில சார்ஜுக்குப் போட்டனான். விடியக்குள்ள எடுக்கப் போனன். நீ வாற சத்தம் கேட்டிச்சி, அன்னம். இழுத்த இழுவையில எல்லாம் ஒண்டாக் கழண்டு விழுந்திற்று. பொருந்தின வயரப் பொருந்தின ஓட்டைக்குள்ள குத்திட்டன். எது எதெண்டு எனக்கென்ன தெரியும்?"

"ஆரோட பறையிறதுக்கு இந்தப் போன்?"

"என்ட மகனோட" என்றார் அவர். சத்தமில்லாமல்தான் சொன்னார். ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை. "ஒவ்வொரு நாளும் வட்டையில நிண்டு பறைவன். அம்மா சாப்பிட்டாவா, மருந்து எடுத்தாவா எண்டு அவன் கேப்பான். நான் சொல்லுவன்."

அன்னப்பூரணி கையை நீட்டினாள். அவர் தொலைபேசியைக் கொடுத்தார். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, விறாந்தைக் கதிரையில் போய் அமர்ந்தாள். அழவுமில்லை, ஏசவுமில்லை.

"வயரக் குத்து" என்றாள் மகனைப் பார்த்து. ஒரு வருடத்துக்குப் பிறகு அவனுக்கு நேராகச் சொன்ன முதல் சொல் அது. "பிள்ளைக்கு நேரமாகுது."

ரதீஸ் தடித்த வயரைக் குத்தினான். திரைகள் இரண்டும் ஒரு கணம் கறுத்து, சிமிட்டி, ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. இடப்பக்கம் வாவி பச்சையும் பழுப்புமாக விரிந்தது. வலப்பக்கம் அதே வாவி, நிருஷாவின் கோடுகளோடு.

நிருஷா தம்பியின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அவளுடைய அகராதியில் அதற்கு நன்றி என்று பொருள்.

கூட்டம் தொடங்கியது. அதிகாரி ஒருவர் கொஞ்சம் கடுகடுப்பானவர். பெரியகல்லாற்றுப் பக்கம் பழைய வரைபடத்தில் வெள்ளையாக இருக்க, இதில் மட்டும் ஏன் இவ்வளவு நீலம் என்று மடக்கினார். நிருஷா போன மாரியின் செய்மதிப் படத்தை ஒரு திரையில் நிறுத்தி, தன் வரைபடத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். முகத்துவாரம் மணலால் அடைத்து நின்ற நாட்களில் நீர் எந்த வழியாகத் திரும்பி ஏறியது என்று விரலை ஓட்டுவது போல மௌஸை ஓட்டிக் காட்டினாள். அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப பழையதுதான் பிழை" என்றார்.

மற்றவர்கள் போன பிறகும் யோகேஸ்வரன் இணைப்பில் இருந்தார். "கொழும்புக்கு வாற கதைய இனி எடுக்க மாட்டன். நீங்க அங்கயே இருங்க, நிருஷா."

அவள் கதிரையைத் திருப்பியபோது அம்மா கதவடியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. தொலைபேசி இன்னும் கையில் இருந்தது.

"அம்மா, நான் போகத் தேவையில்ல!"

அன்னப்பூரணி மகளின் தலையைத் தடவினாள். கண் மட்டும் திரையில் இருந்தது.

"அந்த நீலம் என்ன புள்ள?"

"வெள்ளம் ஏறுற இடம்மா."

"கல்லாத்துப் பக்கமா?"

"ஓம்."

"ஆக்கள் இருக்கிற வீடுகளா?"

நிருஷா விறாந்தைப் பக்கம் பார்த்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த ரதீஸ் தலையை நிமிர்த்தினான்.

"எங்கட வீடு மேட்டிலம்மா" என்றான். "வெள்ளம் வராது."

"நான் உன்னையா கேட்ட?" என்றாள் அன்னப்பூரணி. ஆனால் அவள் மூச்சு இறங்கியதை நிருஷா தன் தோளில் உணர்ந்தாள்.

அப்போதுதான் அவள் கையிலிருந்த தொலைபேசி அடித்தது. திரையில் 'மகள் சுலோ' என்றிருந்தது. அருமைநாயகம் எழுந்தார், எழுந்தவர் அப்படியே நின்றார். ரதீஸ் கையை நீட்டி, இடைவழியில் நிறுத்திக்கொண்டான்.

அன்னப்பூரணி பச்சை வட்டத்தை ஒரு தரம் அழுத்தினாள். அழுத்தினால் வராது. நிருஷா குனிந்து அதை இழுத்துவிட்டாள்.

அம்மா தொலைபேசியைக் காதில் வைத்தபடி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே மூன்று பேரும் காது கொடுத்து நின்றார்கள். "அழாத புள்ள" என்று ஒரு தரம் கேட்டது. பிறகு "நான் மாமிதான்" என்று கேட்டது. அதன் பிறகு ஒன்றும் இல்லை.

கதவு திறந்தது. அன்னப்பூரணி செருகியிருந்த முந்தானையை எடுத்து உதறி, ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள்.

"ரதீஸ், மோட்டச் சைக்கிள எடு."

"என்னம்மா? சுலோவுக்கு என்ன?"

"அவவுக்கு ஒண்டுமில்ல. உன்ட மாமா அங்க போயிருக்கிறாராம். ஆரும் இல்லாத நேரம் பாத்து விறாந்தையில போய்க் குந்திக்கொண்டு, தேத்தண்ணியும் வேணாமாம், எழும்பவும் மாட்டாராம்."

"அழகரத்தினமா?" என்றார் அருமைநாயகம். "அவர் ஏன் அங்க போன?"

"அத நான் போய்க் கேக்கிறன்."

"நீ இரு அன்னம். நாங்க ஆம்பிளையள் போய்ப் பாக்கிறம்."

"என்ட அண்ணன எனக்குத் தெரியும்" என்றாள் அன்னப்பூரணி. "அந்தப் புள்ளைக்குத் தெரியாது."

நிருஷா உள்ளே ஓடி மதுரனின் பழைய ஹெல்மெட்டை எடுத்து வந்தாள். கொண்டை தடுத்தது. அம்மா ஒரே இழுவையில் கொண்டையை அவிழ்த்துக் கூந்தலைப் பின்னால் விட்டாள். நிருஷா ஹெல்மெட்டைப் போட்டு, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டினாள். உள்ளேயிருந்து அம்மாவின் கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்களில் இருந்தது கோபமா, பயமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அன்னப்பூரணி மகனுக்குப் பின்னால் ஒருபக்கமாக ஏறி அமர்ந்தாள். வண்டியின் இரும்புக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். ரதீஸ் மெதுவாகத்தான் எடுத்தான்.

ஒழுங்கையின் முதல் பள்ளத்தில் வண்டி குலுங்கியது. கம்பியிலிருந்த கை எழும்பி மகனின் தோளில் விழுந்தது. பெரிய தெருவுக்கு ஏறும்வரை நிருஷா பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தக் கை அங்கிருந்து எடுபடவே இல்லை.